பாட்டுக்குப் பாட்டு (விளையாட்டு)

பாட்டுக்குப் பாட்டு என்பது ஒருவர் பாடி முடித்த பாடலின் இறுதி எழுத்தில் அல்லது நடுவர் குறிக்கும் எழுத்தில் தொடங்கும் வேறொரு பாடலை அடுத்தவர் பாட வேண்டிய ஒரு குழு விளையாட்டு ஆகும். வட இந்தியாவில் இது அந்தாட்சரி என்ற பெயரில் அறியப்படுகின்றது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தமிழர் வாழும் பிற நாடுகளிலும் திரைப்படப் பாடல்களைக் கொண்டே இது பெரும்பாலும் ஆடப்படுகின்றது. பாடல்களுக்குப் பதிலாகத் திரைப்படங்களின் பெயர்களையோ ஊர்ப்பெயர்களையோ தொடுத்து ஆடும் வகைகளும் உண்டு. ஜப்பானில் ஆடப்படும் சிரித்தோரி என்ற சொற்றொடர் விளையாட்டும், அதனைக் கரோக்கேயுடன் இணைத்துப் பாடல் தலைப்புகளைத் தொடுத்துப் பாடும் முறையும் இதற்கு நெருங்கிய உறவுடையவை.

பெயர்

ஒரு பாட்டுக்கு மறுமொழியாக இன்னொரு பாட்டு என்ற பொருளில் இவ்விளையாட்டு பாட்டுக்குப் பாட்டு எனப்பட்டது. அந்தாட்சரி என்பது இறுதி எனப் பொருள்படும் அந்திய, எழுத்து எனப் பொருள்படும் அட்சரம் ஆகிய வடசொற்களின் சேர்க்கை ஆகும். தமிழ் யாப்பில் வழங்கும் அந்தாதி என்ற சொல்லும் இவ்வாறே அந்தம் (முடிவு), ஆதி (தொடக்கம்) என்ற இரு சொற்களால் ஆனது. ஒன்றின் முடிவு மற்றொன்றின் தொடக்கம் ஆவதே இரண்டுக்கும் பொதுவான கருத்தாகும்.

ஆடும் முறை

இவ்விளையாட்டுக்குக் கருவிகள் எவையும் தேவையில்லை. இருவரோ இரு குழுக்களோ இருந்தால் போதுமானது. பேருந்துப் பயணம், கல்விச் சுற்றுலா, திருமண வீடு, மின்வெட்டு நேரம் முதலிய சூழல்களில் இது ஆடப்படுவதற்கு இந்த எளிமையே காரணம் ஆகும். பொதுவாகக் காணப்படும் விதிகள் வருமாறு:

- முதற் குழு விரும்பிய ஒரு பாடலின் பல்லவியைப் பாடும்.
- பல்லவியின் இறுதி எழுத்தில் தொடங்கும் பாடலை எதிர்க்குழு பாட வேண்டும்.
- பாடல் அதன் முதற்சொல்லில் இருந்து தொடங்கப்பட வேண்டும். சரணத்தில் இருந்து தொடங்குவது பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை.
- ஒருமுறை பாடிய பாடலை மீண்டும் பாடக்கூடாது.
- குறித்த நேரத்துக்குள் பாடாவிட்டால் எதிர்க்குழுவுக்குப் புள்ளி கிடைக்கும். கடிகாரம் இல்லாத இடங்களில் ஒன்று முதல் பத்து வரை உரக்க எண்ணுவது வழக்கம்.

பல்லவி எந்தச் சொல்லோடு முடிகின்றது என்பதில் கருத்து வேறுபாடு தோன்றுவது உண்டு. பல திரைப்படப் பாடல்களில் பல்லவியின் முடிவில் முதலடி மீண்டும் பாடப்படுகின்றது. எனவே பாடுபவர் எங்கே நிறுத்துகின்றாரோ அவ்விடத்தில் உள்ள எழுத்தையே கொள்வதா, பல்லவியின் கடைசி அடியின் இறுதி எழுத்தைக் கொள்வதா என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். மேடை நிகழ்ச்சிகளில் இச்சிக்கலைத் தவிர்ப்பதற்காக நடுவரே அடுத்த எழுத்தைத் தேர்ந்தெடுத்து அறிவிப்பது உண்டு.

தமிழ் எழுத்துகளும் ஆட்டத்தின் சிக்கலும்

இறுதி எழுத்தைக் கொண்டு தொடுக்கும் விதியைத் தமிழில் அப்படியே கடைப்பிடிப்பது கடினம் ஆகும். சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகளும் இறுதியில் வரும் எழுத்துகளும் தமிழில் வெவ்வேறாக இருப்பதே இதற்குக் காரணம். இவற்றைத் தொல்காப்பியம், நன்னூல் ஆகிய இலக்கண நூல்கள் மொழி முதல் எழுத்துகள், மொழி இறுதி எழுத்துகள் என வகுத்துக் கூறுகின்றன.

மொழி முதல்

பன்னிரண்டு உயிர் எழுத்துகளும் சொல்லுக்கு முதலில் வரும். நன்னூலின்படி க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங ஆகிய பத்து மெய்வரிசைகள் சொல்லுக்கு முதலில் வரும். இவற்றுள் வ, ய, ஞ, ங ஆகியவை எல்லா உயிர்களோடும் சேர்ந்து வருவதில்லை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகள் தமிழ்ச் சொற்களுக்கு முதலில் வாரா. ர, ல ஆகியவற்றில் தொடங்கும் வடசொற்கள் தமிழில் வழங்கும்போது அ, இ, உ போன்ற உயிர் எழுத்து ஒன்று முன்னே சேர்க்கப்படுவது இலக்கண வழக்கு ஆகும்.

மொழி இறுதி

சொல்லின் இறுதியில் வரக்கூடிய மெய்கள் ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் ஆகிய பதினொன்று ஆகும். இவற்றுள் ண், ன், ர், ல், ழ், ள் ஆகிய ஆறும் சொல்லுக்கு முதலில் வாராத வரிசைகளைச் சேர்ந்தவை. ஞ், ந், வ் ஆகியவற்றில் முடியும் சொற்கள் மிக அரியவை. எனவே மெய்யில் முடியும் சொற்களில், அடுத்த ஆட்டக்காரருக்கு வழி திறந்து விடுபவை ம், ய் ஆகிய இரண்டில் முடிபவை மட்டுமே எனலாம். உயிர்மெய்யில் முடியும் சொற்களிலும் டு, டி, டை, று, றை, லை, ளி, னி போன்ற முடிவுகள் மிகுதியாக உள்ளன.

ஊர்ப்பெயர் எடுத்துக்காட்டு

திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களின் பெயர்களை எடுத்துக்கொண்டால் இச்சிக்கல் தெளிவாகப் புலப்படும். அவை முடியும் எழுத்துகள் வருமாறு:

- ல்: திண்டுக்கல், கொடைக்கானல்
- ர்: ஆத்தூர், வேடசந்தூர்
- ம்: நத்தம், ஒட்டன்சத்திரம், ரெட்டியார்சத்திரம்
- டி: தொப்பம்பட்டி, சாணார்பட்டி
- டு: வத்தலக்குண்டு
- டை: நிலக்கோட்டை
- னி: பழனி
- ரை: வடமதுரை
- றை: குஜிலியம்பாறை

இப்பதினான்கில் ம் என முடியும் மூன்று பெயர்கள் மட்டுமே, இலக்கணப்படி சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்தில் முடிகின்றன. ஏனைய பதினொன்றும் விதிகளைத் தளர்த்தாமல் ஆட்டத்தைத் தொடர இயலாதவை. பட்டி, கோட்டை, பாறை, ஊர், கல் முதலியன தமிழ் ஊர்ப்பெயர்களின் இறுதியில் பரவலாக வருவதால், பிற மாவட்டங்களின் ஊர்ப்பெயர்களிலும் இந்நிலையைக் காணலாம்.

வழக்கில் உள்ள தீர்வுகள்

இத்தடையைக் கடப்பதற்கு ஆட்டக்காரர்கள் பல ஏற்பாடுகளைக் கைக்கொள்கின்றனர்.

- வரிசை முழுவதையும் அனுமதித்தல்: பாடல் ம் என முடிந்தால் ம முதல் மௌ வரை எந்த எழுத்திலும் தொடங்கலாம்.
- குறில் நெடில் வேறுபாட்டை விடுதல்: கி என்பதற்குக் கீ என்பதும் ஏற்கப்படும்.
- இன எழுத்தை ஏற்றல்: ன, ண ஆகியவற்றுக்கு ந, ற என்பதற்கு ர எனக் கொள்ளுதல். இவ்விதியின்படி பழனிக்கு அடுத்து நிலக்கோட்டையைக் கூறலாம்.
- முந்தைய எழுத்துக்குச் செல்லுதல்: இறுதி எழுத்தில் தொடங்க இயலாவிட்டால் அதற்கு முன் உள்ள எழுத்தைக் கொள்ளுதல். திண்டுக்கல் என்பதில் ல் விடுபட்டுக் க கொள்ளப்படும்.
- பிறமொழிச் சொற்களை ஏற்றல்: ட, ர, ல ஆகியவற்றில் தொடங்கும் பிறமொழிச் சொற்களையும் பெயர்களையும் அனுமதித்தல்.
- இறுதிச் சொல்லின் முதல் எழுத்தைக் கொள்ளுதல்: சொல்லின் முதல் எழுத்து எப்போதும் மொழி முதலில் வரக்கூடியதாகவே இருக்கும் என்பதால் இம்முறையில் ஆட்டம் தடைப்படுவதில்லை.

எவ்விதியைக் கொள்வது என்பதைப் பொறுத்து ஆட்டத்தின் தன்மையே மாறிவிடும். விதி இறுக்கமாக இருந்தால் எதிரியை முடக்கும் எழுத்தில் பாடலை முடிப்பதே திறமை ஆகின்றது. விதி தளர்வாக இருந்தால் மிகுதியான பாடல்களை நினைவில் வைத்திருப்பவரே வெல்வார்.

திரைப்படப் பெயர்த் தொடர்

பாடத் தயங்குபவர்களும் பங்கேற்கக்கூடிய வகை இதுவாகும். ஒரு திரைப்படத்தின் பெயர் முடியும் எழுத்தில் தொடங்கும் இன்னொரு திரைப்படத்தின் பெயரை அடுத்தவர் கூற வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு தொடர்:

முள்ளும் மலரும் (1978) – மௌன ராகம் (1986) – மூன்று முடிச்சு (1976) – சுமைதாங்கி (1962) – கிழக்கே போகும் ரயில் (1978) – லட்சுமி கல்யாணம் (1968)

இத்தொடரில் ல் என்ற எழுத்தில் நின்றுவிட வேண்டிய ஆட்டத்தை லட்சுமி என்ற பெயர் காப்பாற்றுகின்றது. இவ்வாறே டிக் டிக் டிக் (1981), டும் டும் டும் (2001), ரோஜா (1992), ரிதம் (2000) போன்ற பெயர்கள் ட, ர வரிசைகளில் உதவுகின்றன. தொப்பம்பட்டி என்ற பெயரில் நின்றுபோகும் ஊர்ப்பெயர்த் தொடர், திரைப்படப் பெயர்களையும் சேர்த்துக்கொண்டால் டிக் டிக் டிக் வழியாகத் தொடரக்கூடும். மாறாக, காதலிக்க நேரமில்லை (1964), மூன்றாம் பிறை (1982) போன்றவை லை, றை என முடிவதால் எதிரியை முடக்கும் பெயர்களாக அமைகின்றன.

தமிழ் இலக்கியத்தில் அந்தாதி

முடிவைத் தொடக்கமாக்கும் உத்தி தமிழ்ச் செய்யுளில் மிகப் பழமையானது. சங்க இலக்கியமான பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அந்தாதியாகத் தொடுக்கப்பட்டுள்ளது. காரைக்கால் அம்மையார் பாடிய அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களைக் கொண்டது. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் ஆகியோர் தலா 100 வெண்பாக்களில் திருவந்தாதிகளைப் பாடியுள்ளனர். நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் உள்ள 1102 பாசுரங்களும் அந்தாதித் தொடையில் அமைந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டில் திருக்கடையூரில் வாழ்ந்த அபிராமி பட்டரின் அபிராமி அந்தாதி இன்றும் பரவலாக ஓதப்படுகின்றது.

யாப்பிலக்கணம் எழுத்து, அசை, சீர், அடி ஆகியவற்றுள் எது மடங்கி வருகின்றது என்பதைக் கொண்டு அந்தாதியை வகைப்படுத்துகின்றது. எழுத்தை மட்டும் தொடுப்பதைக் காட்டிலும் சீரை, அதாவது முழுச் சொல்லைத் தொடுப்பது தமிழுக்கு இயல்பாகப் பொருந்துகின்றது. ஒரு செய்யுளின் இறுதிச் சொல் அப்படியே அடுத்த செய்யுளின் முதற்சொல்லாக வருவதால், மேலே குறிப்பிட்ட மொழி முதல் தடை அங்கு எழுவதில்லை.

அந்தாதி, எழுதப்பட்ட ஏடு கையில் இல்லாதபோதும் அடுத்த பாடலை நினைவுக்குக் கொண்டுவரும் கருவியாகவும் பயன்பட்டது. ஒரு பாடலைப் பாடி முடிக்கும் சொல்லே அடுத்த பாடலுக்கான குறிப்பு ஆகின்றது. இடையில் ஒரு பாடல் விடுபட்டால் தொடர்ச்சி அறுபடுவதால் அதனை உடனே கண்டறியவும் இயலும். திரைப்படப் பாடல்களிலும் இவ்வுத்தி கையாளப்பட்டுள்ளது. கே. பாலசந்தர் இயக்கிய மூன்று முடிச்சு (1976) திரைப்படத்தில் கண்ணதாசன் எழுதி, எம். எஸ். விசுவநாதன் இசையமைத்த அந்தாதிப் பாடல் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

வானொலியும் தொலைக்காட்சியும்

முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931 ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளியானது. அதன்பின் திரைப்படப் பாடல்கள் எல்லாத் தரப்பினருக்கும் பொதுவான பாடல் தொகுதியாக வளர்ந்தன. எதிரில் இருப்பவர் பாடும் பாடல் மற்றவர்களுக்கும் தெரிந்திருந்தால்தான் அதன் சரி பிழையைக் கூற முடியும் என்பதால், இப்பொதுமை இவ்விளையாட்டுக்கு இன்றியமையாதது.

1952 ஆம் ஆண்டில் இந்தியாவின் தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேசுகர் காலத்தில் அனைத்திந்திய வானொலியில் திரைப்படப் பாடல்கள் பெரிதும் ஒதுக்கப்பட்டன. அக்காலத்தில் தமிழ்நாட்டு மக்கள் திரைப்பாடல்களைக் கேட்க இலங்கை வானொலியை நாடினர். 1957 ஆம் ஆண்டு அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் செல்வாக்குப் பல ஆண்டுகள் நீடித்தது. இலங்கை வானொலி 1967 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது.

இலங்கை ஒலிபரப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத் வானொலியில் நடத்திய பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சி நேயர்களிடையே புகழ்பெற்றது. சன் தொலைக்காட்சி 1993 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்டது. அத்தொலைக்காட்சியிலும் அவர் இந்நிகழ்ச்சியை நடத்தினார். தெளிவான தமிழ் உச்சரிப்பும் பாடல் வரிகளில் ஏற்படும் பிழைகளை அங்கேயே திருத்தும் முறையும் அவரது நிகழ்ச்சியின் அடையாளங்களாக அமைந்தன. பொழுதுபோக்காக இருந்த விளையாட்டு, பாடல் வரிகளைச் சொல் பிசகாமல் அறிந்திருக்க வேண்டிய போட்டியாக மாறியதில் இவ்வகை நிகழ்ச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தியில், சீ தொலைக்காட்சியில் 1993 முதல் அன்னு கபூர் தொகுத்து வழங்கிய அந்தாட்சரி நிகழ்ச்சி இந்தியா முழுவதும் அறியப்பட்டது. மைனே பியார் கியா (1989) என்ற இந்தித் திரைப்படத்தில் அந்தாட்சரி ஆடும் காட்சி ஒன்று நீண்ட பாடல் தொகுப்பாக இடம்பெற்றுள்ளது.

பிற மொழிகளில்

- அட்சரசுலோகம்: கேரளத்தில் ஆடப்படுவது. ஒருவர் கூறிய சுலோகத்தின் மூன்றாம் அடியின் முதல் எழுத்தில் தொடங்கும் சுலோகத்தை அடுத்தவர் கூற வேண்டும். இறுதி எழுத்தைக் கொள்ளாமல் அடியின் முதல் எழுத்தைக் கொள்வதால், தொடங்க இயலாத எழுத்து என்ற சிக்கல் இதில் எழுவதில்லை.
- பைத்பாசி: உருது மொழியில் ஈரடிக் கவிதைகளைக் கொண்டு ஆடப்படுவது. கவிதை முடியும் எழுத்தில் அடுத்த கவிதை தொடங்க வேண்டும்.
- முசாயிரா: பாரசீக மொழியில் கவிதைகளைக் கொண்டு இதே முறையில் ஆடப்படுவது.

ஜப்பானில்

சிரித்தோரி

சிரித்தோரி என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் பின்பகுதியை எடுத்தல் என்பது பொருள். ஒருவர் கூறிய பெயர்ச்சொல்லின் இறுதி அசையெழுத்தில் தொடங்கும் பெயர்ச்சொல்லை அடுத்தவர் கூற வேண்டும். ஜப்பானிய அசையெழுத்துகளில் அடிப்படையானவை 46 ஆகும். அவற்றுள் ன் என ஒலிக்கும் எழுத்து ஒன்று மட்டுமே தனி மெய்யாக நிற்பது. அவ்வெழுத்தில் தொடங்கும் சொற்கள் வழக்கில் இல்லாமையால், அதில் முடியும் சொல்லைக் கூறியவர் தோற்றவர் ஆவார். ஜப்பானின் ஜப்பானியப் பெயரான நிஹோன், உணவு வகையான ராமென், கேலிச்சித்திரப் பாத்திரமான டோரேமோன் ஆகிய மூன்றும் ன் என முடிவதால் அவற்றைக் கூறுபவர் ஆட்டத்தை இழப்பார்.

ஜப்பானியத்தில் ஓர் எழுத்து மட்டுமே தடையாக இருப்பதால் அதனைத் தோல்விக்குரிய எழுத்தாக வைத்து ஆட்டத்தை நடத்த முடிகின்றது. தமிழில் எட்டு வரிசைகள் தடையாக இருப்பதால் அவ்வாறு விதி செய்தால் ஆட்டம் ஓரிரு சுற்றுகளிலேயே முடிந்துவிடும். தமிழில் தோல்வி விதிக்குப் பதிலாக மாற்று விதிகள் பெருகியிருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

பாடல் தலைப்புத் தொடர்

ஜப்பானில் கரோக்கே பாடும் நண்பர்கள், பாடல் தலைப்புகளைச் சிரித்தோரி முறையில் தொடுத்துப் பாடுவது உண்டு. எடுத்துக்காட்டாக, சகமோட்டோ கியூ பாடிய உஏ ஒ முயிதே அருகோ (1961) என்ற பாடலின் தலைப்பு ஜப்பானிய எழுத்துமுறையில் உ என்ற எழுத்தில் முடிகின்றது. எனவே அடுத்தவர் கடல் எனப் பொருள்படும் உமி (1941) என்ற சிறுவர் பாடலைப் பாடலாம். அதனைத் தொடர்ந்து மி என்ற எழுத்தில் மிகான் நோ ஹனா சகு ஓகா (1946) என்ற பாடலும், அதன் இறுதியான க என்ற எழுத்தில் ககோமே ககோமே என்ற நாட்டுப்புறச் சிறுவர் பாடலும் பாடப்படலாம். முதற்பாடலின் இறுதி நெடிலாக ஒலிப்பதால், அதனை உ எனக் கொள்வதா ஓ எனக் கொள்வதா என்பதும் முன்னரே பேசி முடிவு செய்ய வேண்டியதாகும். குறில் நெடில் பற்றித் தமிழ் ஆட்டக்காரர்களிடையே எழும் கேள்வியை இது ஒத்தது. உஏ ஒ முயிதே அருகோ, 1963 இல் சுகியாகி என்ற பெயரில் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் முதலிடம் பெற்ற பாடல் ஆகும்.

கரோக்கே

கரோக்கே என்பது வெறுமை எனப் பொருள்படும் கரா என்ற சொல்லும், இசைக்குழுவைக் குறிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா என்பதன் ஜப்பானியச் சுருக்கமும் சேர்ந்தது. பாடகரின் குரல் நீக்கப்பட்ட பின்னணி இசைக்கு ஏற்ப ஒருவர் பாடுவதே கரோக்கே ஆகும். கோபே நகரில் இசைக்கலைஞராக இருந்த இனோவே தைசுகே 1971 ஆம் ஆண்டில் காசு இட்டால் இயங்கும் இத்தகைய பொறிகள் 11 செய்வித்து மதுவிடுதிகளுக்கு வாடகைக்கு விட்டார். அவர் தமது கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. 2004 இல் அவருக்கு நகைச்சுவை விருதான இக் நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டது. பிலிப்பீன்சைச் சேர்ந்த ராபர்ட்டோ டெல் ரொசாரியோ இவ்வகைப் பொறி ஒன்றுக்கு 1980களில் காப்புரிமை பெற்றார். சிறு குழுவினர் தனி அறையில் பாடும் கரோக்கே அறைகள், 1980களில் ஒகயாமா பகுதியில் சரக்குப் பெட்டகங்களை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டன.

ஒப்பீடு

கரோக்கேயில் பாடல் வரிகள் திரையில் தோன்றுகின்றன. இசையும் உடன் ஒலிக்கின்றது. பாடுபவருக்குச் சுருதி சேர்வதும் தாளம் தவறாமையும் முதன்மையானவை. பாட்டுக்குப் பாட்டில் இசையும் இல்லை, வரிகளும் இல்லை, நினைவாற்றலே முதன்மையானது. கரோக்கேயில் ஒரு பாடல் முழுவதும் பாடப்படும். பாட்டுக்குப் பாட்டில் பல்லவியோடு நிறுத்தப்படும். இரண்டையும் இணைத்து ஆடும்போது தொடுத்தலுக்குத் தலைப்பு அல்லது முதலடியும், புள்ளிக்குப் பாடும் திறமும் கொள்ளப்படுகின்றன. தமிழ்த் திரைப்பாடல்களுக்குத் தனித் தலைப்புகள் இல்லாமல் முதலடியே தலைப்பாக வழங்குகின்றது. ஆகவே ஜப்பானியரின் தலைப்புத் தொடரைத் தமிழில் முதலடித் தொடராகவே ஆட இயலும்.

பாடல்களைத் தேர்ந்தெடுத்தல்

போட்டிக்கு ஆயத்தம் செய்வோர் பாடல்களை முதலெழுத்து வரிசையில் பட்டியல் இடுவது வழக்கம். அ, க, ந, ப, ம, வ ஆகியவற்றில் தொடங்கும் பாடல்கள் ஏராளமாக உள்ளதால் அவற்றைத் தேடிப் பயில வேண்டியதில்லை. ஐ, ஔ, ஞ, ர, ல, ட ஆகியவற்றில் தொடங்குபவை குறைவு என்பதால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பாடல்களையேனும் அறிந்திருப்பது பயன் தரும். அவற்றைத் தொடக்கத்திலேயே செலவிடாமல் பின்சுற்றுகளுக்கு வைத்திருப்பதும் ஓர் உத்தியாகும். கரோக்கேயுடன் இணைத்து ஆடும்போது, பாடுபவரின் குரல் எட்டும் சுருதியில் அமைந்த பாடல்களைத் தேர்வதோ, பொறியில் சுருதியைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதோ தேவைப்படும்.

கல்விப் பயன்

சிரித்தோரி ஜப்பானியச் சிறுவர்களின் சொல்வளத்தைப் பெருக்க உதவுவது போல, தமிழ் வகுப்பறைகளிலும் சொற்றொடர் விளையாட்டுகள் பயன்படுத்தப்படுகின்றன. மொழி முதல் எழுத்துகள், மொழி இறுதி எழுத்துகள் ஆகியவை பாடநூலில் வெறும் பட்டியலாகக் காணப்படுபவை. விளையாடும்போது ஒரு மாணவர் டை என்ற எழுத்தில் தொடங்கும் தமிழ்ச் சொல்லைத் தேடிக் காணாமல் திகைக்கும் இடத்தில் அவ்விலக்கணம் தானாகவே விளங்கிவிடுகின்றது. ஊர்ப்பெயர், மரப்பெயர், புலவர் பெயர் என ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஆடுவதன் மூலம் பிற பாடங்களிலும் இதனைப் பயன்படுத்தலாம்.

இவற்றையும் பார்க்கவும்

- அந்தாதி
- அந்தாட்சரி
- மொழி முதல் எழுத்துகள்
- மொழி இறுதி எழுத்துகள்
- இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்
- கரோக்கே